தொண்ணூற்றொன்பது போக ஒன்று

மார்கழியில் திருகோணமலையைப் பார்த்தால், நத்தார் பாப்பா ஏன் இந்தப் பக்கம் குடியேறவில்லை என்பது விளங்கும். வாடைக்காற்றும் மழையும் பிடித்தால் அவருடைய தாடி தை பிறந்தும் காயாது. டச்பேயில் கடல் கொந்தளிக்கும். வள்ளங்கள் கரையேறும், மீன் விலை மலையேறும்.

இதற்குள்தான் திருவருகைக் காலம். முதல் மெழுகுதிரி நம்பிக்கைக்கு. 2022இல் அதை ஏற்றியபோது, கரண்ட் போனால் உதவும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நாளுக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த காலம் அது.

சீனக்குடாவில் பிரித்தானியக் கடற்படைக்காகக் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளும். பெரும்பாலானவை காடுபற்றிக் கிடக்கின்றன. அந்த ஊரில்தான் நாங்கள் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டுபோய், கியூஆர் கோட்டைக் காட்டி, கிழமைக்கு நாலு லீட்டருக்கு வரிசையில் நின்றோம். 99 ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையை மறைக்கல்வி வகுப்பில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். 99 தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு லீட்டரைத் தேடியலைந்தபோதுதான் அந்த மனிதனின் கால்வலி புரிந்தது.

அந்த வருடம் வீட்டில் கேக் பேச்சையே எடுக்கக்கூடாது. "முட்டைக்குக் குடுக்கிற காசில கோழிக்குச் சீதனமே குடுக்கலாம். பயத்தம் பணியாரம் சுடுவம்" என்று மனுசி தீர்ப்புச் சொல்லிவிட்டா.

நத்தார் இரவு பூசைக்குப் போனால், கோயில் முன்றிலில் கட்டியிருந்த பாலன் குடிலுக்குள் உயிருள்ள மான் ஒன்று. கோட்டைப் பக்கத்து மான்கள் எங்கள் ஊரில் தெருவெல்லாம் திரியும். கடதாசி தின்று வளர்ந்த சாதி. களிமண் ஆடுகளுக்கு நடுவில் நின்று வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. மணியடிக்கிற ஐயா தும்புத்தடியோடு ஓடினார். சுவாமி மறித்தார்: "விடுங்கோ ஐயா, பிள்ளை கிடக்கிறதே தீவனத் தொட்டியில. பசிச்சது வேற எங்க போறது?"

அன்றைய மறையுரை அவ்வளவுதான் எனக்கு. மிச்சத்தை லூக்காவே பார்த்துக்கொண்டார். அவருடைய நத்தார் தொடங்குவது பேரரசன் அகுஸ்துவின் பதிவுக் கட்டளையில். நிறைமாதக் கர்ப்பிணியோடு ஒரு தச்சன் பதிவுக்குப் போகிறான். போன இடத்தில் தங்க இடமில்லை. முதற்செய்தி கிடைப்பதும் மேய்ச்சல் வெளியில் நைட் டியூட்டி பார்த்த இடையர்களுக்கு. வீட்டுக்கு வெள்ளையடித்து, நல்லாய் நித்திரை கொண்டு, முகம் கழுவி வந்த ஒருவரையும் அந்தக் கதையில் காணோம். வரிசையில் நின்றவனுக்கு இதற்கு மேல் வியாக்கியானம் என்னத்துக்கு?

அதோடு, இந்த ஊருக்கு நம்பிக்கை மலிவாய் வந்ததும் இல்லை. 2004இல் நத்தாருக்கு அடுத்த காலை கடல் ஊருக்குள் வந்தது. அதற்குப் பிறகு 25ஆம் திகதி பணியாரத் தட்டு, 26ஆம் திகதி மெழுகுதிரி. இரண்டையும் ஒரே கை பிடித்துப் பழகிவிட்டது.

விடிய, பக்கத்து வீட்டு ஹாஜியார் மகனிடம் ஒரு கிண்ணம் வட்டிலப்பம் குடுத்துவிட்டிருந்தார். மனுசி மூடியைத் திறந்தா, மணந்து பார்த்தா, விரல்விட்டு எண்ணினா.

"எட்டு முட்டையாவது இருக்கும்" என்றா. "என்னப்பா, இவைக்கு எங்கால?"

பையன் இன்னும் படியில்தான் நின்றான். "பணியாரம் தருவியளாம் எண்டு உம்மா சொன்னவ."