மண்டைக்குள் மின்னலா?

கேள்வி: பட்டறையில் பிளாஸ்மாவை வைத்து இரும்பையே வெட்டுகிறார்கள். அதையே மூளைப் புற்றுநோய்க்கு வைத்தியம் என்கிறார்களே, புற்றோடு மண்டையும் போய்விடாதா?

பதில்: போகாது. இது சுடாத ரகம். மெல்லிய குழாயில் ஹீலியத்தை விட்டு உயர் மின்னழுத்தம் கொடுத்தால், முனையில் ஊதா நிறச் சுடர் ஒன்று நீளும்; மின்னேறிய அந்த வாயுதான் பிளாஸ்மா. சூடெல்லாம் எலெக்ட்ரான்களோடு சரி. வாயு அறை வெப்பத்தை ஒட்டியே இருக்கும். புற்றணுவைக் கொல்வது சுடரல்ல, அது காற்றோடு கலந்து உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரைட் வகையறாக்கள். புற்றணு ஏற்கெனவே கழுத்துவரை கடனில் இருக்கிற ஆசாமி. இன்னொரு வட்டிச் சீட்டு வந்தாலே சரிந்துவிடும். நல்ல அணு ஓரளவு சமாளிக்கும்.

2011-இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தார் அணுக்கள்மேல் சுடரைக் காட்டக்கூட இல்லை. பிளாஸ்மா பட்ட வளர்ப்புத் திரவத்தை ஊற்றினார்கள். கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றின் அணுக்கள் மடிந்தன, ஆஸ்ட்ரோசைட் என்ற சாதாரண மூளை அணுக்கள் பெரும்பாலும் தப்பின. 2013-இல் ஜெர்மனியில், டெமோசோலோமைடு மருந்துக்கே மசியாத புற்றணுக்கள் பிளாஸ்மா பட்டபின் அந்த மருந்துக்கு மசிந்தன. எனக்குப் பிடித்த செய்தி இதுதான்.

ஆனால் இவையெல்லாம் கண்ணாடித் தட்டில் நடந்தவை. தட்டில் பினாயிலும்தான் புற்றணுவைக் கொல்லும்! சுடரும் ஆழமாக ஊடுருவாது. கட்டியை வெட்டி எடுத்தபின் விளிம்பில் ஒட்டியிருக்கும் மிச்சம் மீதியைத் தீர்க்க உதவலாம் என்பதே இப்போதைய நம்பிக்கை. பட்டறைக்காரரிடம் டோக்கன் போட்டுவிடாதீர்கள்.