தக்காளிக்கு ரீல்ஸ் தெரியாது

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. போனைக் கீழ வைக்க வேண்டாம். பாவம், தரையில கிடந்தா அதுக்குச் சளி பிடிச்சிரும்.

நேத்து எள்ளு வாங்க யாவாரி வந்தானே, மூணேமுக்கால் கிலோ நின்னுச்சு. கிலோ 160 ரூவா. "எம்புட்டுலே ஆச்சு?"ன்னு உன்கிட்ட கேட்டேன். கணக்குப் போடப் போனைத் திறந்தே. டிங்குன்னு ஒண்ணு வந்துச்சு. சிரிச்சே. தள்ளுனே. மறுபடியும் சிரிச்சே. அப்புறம் மெதுவா நிமிந்து, "தாத்தா, என்ன கேட்டிய?"ன்னே. அதுக்குள்ள அவன் 600 ரூவாயை எண்ணிக் குடுத்துட்டு அடுத்த தெருவுக்கே போயிட்டான். முக்கால் வாய்ப்பாட்டை எங்க வாத்தியார் பிரம்பால மண்டைக்குள்ள ஏத்துனாரு. உனக்கு அந்தக் கொடுமை இல்லை, நல்லாரு.

வேலையில கவனம் நிக்க ஏதோ ஆப் இறக்கியிருக்கியாமே, உங்கம்மா பெருமையாச் சொன்னா. 25 நிமிசம் வேலை, 5 நிமிசம் ஓய்வு. பிரான்செஸ்கோ சிரில்லோன்னு ஒரு இத்தாலிக்காரரு 1980கள் கடைசியில, காலேசுல படிக்கையில கண்டுபிடிச்சது. தக்காளி மாதிரி இருந்த அடுப்பங்கரைக் கடிகாரத்தை முறுக்கி வச்சுக்கிட்டுப் படிச்சாரு. அந்தத் தக்காளிக்கு மணியடிக்கத் தெரியும், அம்புட்டுதான். ரீல்ஸ் காட்டத் தெரியாது. நீ என்னடான்னா, போனைப் பாக்காம இருக்கப் போனுக்குள்ளயே காவக்காரனை வச்சிருக்கே. கள்ளுக்கடைக்குள்ள உக்காந்து குடியை விடுத கதைதான்!

கிழவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. டீக்கடைப் பேப்பரைக் கடைசிப் பக்கம் வரைக்கும் படிக்கேன்லா. நடுவுல அது டிங்குன்னு அடிக்கிறதில்லை.

இதையும் கேளு. அமெரிக்காவுல டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல ஏறக்குறைய 800 பேரை வச்சுச் சோதிச்சு, 2017ல எழுதியிருக்காவ. சில பேரு போனை மேசையில கமுத்தி வச்சாங்க, சில பேரு பையில, மத்தவங்க அடுத்த அறையில. எல்லாப் போனோட சத்தத்தையும் அமத்தியாச்சு. அப்படியும் யோசிச்சுப் போடுற கணக்குல, அடுத்த அறைக்காரங்களை மேசைக்காரங்களால பிடிக்க முடியலை. போனைத் தொடவே இல்லலே! 'எடுக்கக்கூடாது, எடுக்கக்கூடாது'ன்னு அடக்குறதுக்கே கொஞ்சம் புத்தி போயிருக்குன்னு சொல்லுதாவ.

அதனால ஒண்ணு செய்யி. காலையில ரெண்டு மணி நேரம் போனை மச்சுல வச்சுப் பூட்டிட்டு, சாவியை என்கிட்ட குடு. உன் மேனேஜர் கூப்பிட்டா நான் பேசிக்கிடுதேன், "பையன் யோசிச்சுக்கிட்டு இருக்கான் சார்"னு. அவரு நம்ப மாட்டாரு. அது உன் பாடு.