ஆறிய ஆசனமும் அதன் ஐவகைக் குற்றமும்

கனடாவின் ஜனவரியில் காரின் இருக்கை சூடேறாமற் போவதை இதுவரை மெக்கானிக்குகளே கையாண்டு வந்துள்ளனர். அதனால் அது சுலபமாகச் சரியாகிவிடுகிறது. இந்த அவலத்தை நீக்கிப் பொருளை ஆய்வுலகின் கையில் ஒப்படைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருக்கைச் சூடு தோன்றிய காலம் பற்றி இரு கட்சிகள் உள. 1966ஆம் ஆண்டு மாடல் காடிலாக்கே மூலம் என்பர் அமெரிக்கக் கட்சியார். அது கூடுதல் காசு கொடுத்தவருக்கே கிடைத்தது, 1970களின் தொடக்கத்தில் வந்த சாப் 99தான் ஓட்டுநர் எல்லார்க்கும் சூடு தந்தது என்பர் சுவீடன் கட்சியார். ஒருவர் நூலை மற்றவர் படிக்காமலேயே மறுத்து வருவதால் ஆய்வு மரபு பிழையாமல் நிற்கிறது.

குற்றம் ஐந்து. முதலாவது, சுவிட்சைப் போடாமை. இதற்கு உரை வேண்டா.

இரண்டாவது, ஃபியூஸ் போதல். மூலபாடம் ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் உள்ளது. எழுத்து சிறிது; ஆகவே பாடபேதம் பெரிது.

மூன்றாவது, இருக்கைக்கடியில் கனெக்டர் தளர்தல். பூட்ஸோடு வந்த பனியும் சாலை உப்பும் கூடிக் களிம்பேற்றுவதும் இதில் அடங்கும்.

நான்காவதே ஆய்வின் உயிர்நிலை: மெத்தைக்குள் சூடேற்றும் கம்பி அறுதல். பின்சீட்டுப் பையை எடுக்க முன்சீட்டில் முழங்காலூன்றுவதே காரணம் என்பது முழங்காற்கட்சி. உடற்பாரம் ஓரிடத்தில் குவிதலின். அற்றன்று, கால்சட்டைப் பின்பையில் சாவிக்கொத்தோடு அமர்தலே என மறுப்பது சாவிக்கட்சி. ஊன்றியது வலமா இடமா என்பதில் முழங்காற்கட்சியே இரண்டாகப் பிளந்தது. வலமுழங்காலார் பெருநூலின் மூன்றாம் பாகத்து அடிக்குறிப்பின் அடிக்குறிப்பில், இடமுழங்காலார் ஒருவருக்குக் கார் ஓட்டவே தெரியாது என்று ஒரு சாடல் உண்டு. அதை மறுத்தெழுந்த சிறுநூல் அச்சேறவில்லை. அதை வகுப்பில் கேட்டவர் எடுத்த குறிப்பின் ஒளிநகலில், காபிக் கறை படியாத பாதிப் பக்கமே இன்று கிடைக்கிறது. ஆயினும் எல்லாரும் அச்சிறுநூலையே மேற்கோள் காட்டுவர், கண்டவர் இலர்.

இதற்கிடையே மெக்கானிக் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரின் இரு முனைகளை வைக்கிறார். சில ஓம் காட்டினால் கம்பி நலம். எல்லையற்றது எனக் காட்டினால் அறுந்தது. பல வண்டிகளில் அடிமெத்தைக் கம்பியும் முதுகுக் கம்பியும் தொடராக இணைந்திருப்பதால் ஒன்று அறுந்தால் இரண்டும் குளிரும் என்பதும் அவருக்குத் தெரியும். ஐந்தே நிமிடத்தில் முடிவு கிடைத்துவிடும் இம்முறைக்கு எந்தப் பல்கலைக்கழகமும் நிதி ஒதுக்காது.

ஐந்தாவது, சந்தா கட்டாமை. 2022இல் பி.எம்.டபிள்யூ பிரிட்டன், தென் கொரியா உள்ளிட்ட நாடுகளில் இருக்கைச் சூட்டுக்கு மாதச் சந்தா கேட்டது. கம்பி நலம், ஃபியூஸ் நலம், காசு ஒன்றே குறை. 2023இல் நிறுவனமே அதைக் கைவிட்டதால் இவ்வகை வழக்கொழிந்தது. வழக்கொழிந்ததற்கே முனைவர் பட்டம் விரைந்து கிடைக்குமாதலின் மாணவர்கள் முந்துக.

தாமே பிரித்துப் பார்க்க விரும்புவோர்க்கு ஒரு சொல்: இருக்கையில் கை வைக்குமுன் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுங்கள். அடியில் தெரியும் மஞ்சள் கனெக்டர் பெரும்பாலும் ஏர்பேக்குக்கு உரியது. அதில் மட்டும் கட்சி கட்டாதீர்கள்.