காற்றில் வரும், காரைச்சுவரில் நிற்கும்

செட்டிநாட்டு வீடு கட்டியவர்கள் பர்மாத் தேக்கு, இத்தாலிப் பளிங்கு என்று கப்பல் கப்பலாக இறக்கினார்கள். ரூட்டர் ஒயர் நுழைய ஒரு துளை விடத்தான் மறந்துபோனார்கள்.

2023-இல் ஏர்டெல்லும் ஜியோவும் ‘ஏர்ஃபைபர்’ இணையத்தைக் கொண்டுவந்தன. தெருவைத் தோண்ட வேண்டாம், கம்பம் நட வேண்டாம். மாடியில் மாட்டும் பெட்டி 5ஜி டவரோடு பேசிக்கொள்ளும். அங்கிருந்து ஒரு ஒயர் ரூட்டருக்கு. ஃபைபர் எட்டாத ஊருக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் காரைக்குடிப் பக்கம் டவரிலிருந்து வீடுவரை அலை தடையில்லாமல் வந்தாலும், ரூட்டரின் வைஃபை முகப்பு தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் மூச்சுவாங்கிவிடுகிறது. “அப்பல்லாம் ரங்கூன் கடுதாசி அடுப்படிக்கே வந்துச்சு தம்பி” என்கிறார் ஆச்சி, மாட்ட வந்த பையனிடம்.

காற்றில் வரும் இணையம் நமக்குப் புதிதும் இல்லை. சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம் வழியாக, பக்கத்து மேலூர்க் கிராமங்களுக்கு 2001 வாக்கிலேயே காற்றில் இணையம் போனது. வேகம் விநாடிக்கு 35 கிலோபிட், மிஞ்சினால் 70. இன்றைய ‘காலை வணக்கம்’ ரோஜாப்பூ அதில் இறங்குவதற்குள் மாலை வணக்கம் ஆகிவிடும்.

இப்போது வேகம் இருக்கிறது, சுவர்தான் விடவில்லை. மாடியிலிருந்து உள்கட்டுக்கு ஒயர் இழுத்து இன்னொரு ரூட்டர் வைத்தால் தீர்ந்தது. ஆனால் பொதுவீட்டுச் சுவரில் துளை போட, சென்னை முதல் சிங்கப்பூர் வரை பரவிக் கிடக்கும் பங்காளிகள் அத்தனை பேரும் தலையாட்ட வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாம். அதற்கு ஆச்சி முகப்புக்கு வர வேண்டும்.