கியர் ஆயில் பண்டிதர்

கியர் ஆயில் பண்டிதர் ஒர்க்‌ஷாப் வட்டாரத்தில் வசிப்பவர். பக்கத்து டீக்கடை பெஞ்சிலோ டயர் கடை ஸ்டூலிலோ இருப்பார். காரின் அடியில் டிரெய்ன் போல்ட் கழன்று, பழைய எண்ணெய் சட்டியில் விழத் தொடங்கியதும் வந்து நிற்பார். கார் அவருடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

முதலில் எண்ணெயை இரு விரலில் தேய்ப்பார். பிறகு மோந்து பார்த்து, “கருகிப் போச்சு தம்பி” என்பார். புது டப்பாவைத் திறந்தாலும் அதே நாற்றம்தான் வரும். பல்லோடு பல் நசுங்கும்போது உலோகம் தேயாமலிருக்கச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் சரக்கின் வாடை அது. இதைச் சொன்னால் பண்டிதர் ஒப்பமாட்டார். புது டப்பாவும் போலி என்பார்.

அவருடைய சித்தாந்தம் எளியது: கெட்டியாக இருப்பதே உசத்தி. 75டபிள்யூ-80 என்ற டப்பாவைப் பார்த்தால், கல்யாணப் பந்தியில் தண்ணீர்ச் சாம்பார் விழுந்தவர்போல முகம் போகும். எஞ்சினுக்கு 40 ஊற்றும்போது கியர் பாக்ஸுக்கு 90 வேண்டாமா என்பது அவர் கேள்வி. எஞ்சின் ஆயிலின் 40-50ம் கியர் ஆயிலின் 90ம் கெட்டியில் ஏறக்குறைய ஒன்றுதான். பூக்காரி முழமும் ஜவுளிக்கடை மீட்டரும் போல அளவுகோல்தான் வேறு. எதிர்க் கட்சியில் சிந்தெடிக் பண்டிதர் ஒருவர் உண்டு. 75டபிள்யூ என்பது மைனஸ் 40 டிகிரியிலும் அளவுக்கு மேல் இறுகாத எண்ணெய் என்பதை, வேலூரில் அக்கினி நட்சத்திர வெயிலில் அவர் விளக்குவார்.

இரு கட்சியும் ஒன்றுபடுவது எண்ணெயின் ரகத்தைச் சொல்லும் ஜிஎல் எண்ணில். ஐந்தாம் வகுப்புப் பையன் நாலாம் வகுப்புப் பையனைவிடப் பெரியவன். ஆகவே ஜிஎல்-4ஐவிட ஜிஎல்-5 மேல். உண்மையில் இவை வேறு வேறு வேலைக்கான எண்ணெய்கள். ஜிஎல்-5 முக்கியமாகப் பின்னச்சுக் கிரவுனில் உள்ள ஹைபாய்டு பற்களுக்கானது. அங்கே பற்கள் உருள்வதோடு உராய்ந்து சறுக்கவும் செய்வதால், காக்கும் சரக்கு கூடுதலாக வேண்டும். கியர் பாக்ஸுக்குள்ளோ சின்க்ரோ என்ற வளையம் இருக்கிறது, பெரும்பாலும் பித்தளையில். கியர் விழுமுன் அது எதிர்ப்பக்கத்தைப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். எண்ணெய் மிகவும் வழுக்கினால் பிடிக்காது, கியர் கரகரக்கும். சில ஜிஎல்-5 எண்ணெய்களின் கந்தகம் பித்தளையையும் அரிக்கும். பித்தளையைக் கெடுக்காத ஜிஎல்-5ம் உண்டு, ஜிஎல்-5ஐயே கேட்கும் கியர் பாக்ஸும் உண்டு. ஹோண்டா தன் பழைய கார்கள் பலவற்றின் கியர் பாக்ஸுக்கு எஞ்சின் ஆயிலையே எழுதிவைத்திருந்தது. இதைக் கேட்டால் பண்டிதர் சாமி குத்தம் நடந்ததுபோல் கன்னத்தில் போட்டுக்கொள்வார். எந்த வண்டிக்கு எது என்பது அந்த வண்டியின் கையேட்டில் இருக்கிறது. பண்டிதரின் சொந்தக் காரிலும் அப்படியொரு புத்தகம் பாலிதீன் உறை பிரியாமல் கிடக்கிறது.

நல்ல மெக்கானிக் வாதாடுவதில்லை. “சரிங்கண்ணே” என்று சொல்லிவிட்டு, கையேட்டில் உள்ளதை ஊற்றுவார். சின்னக் கார்கள் பலவற்றுக்கு இரண்டு லிட்டர் அளவில் போதும். சமதளத்தில் நிற்கும் வண்டியில் லெவல் போல்ட் ஓட்டை வழியாக வழிந்தால் நிறுத்த வேண்டும். “இன்னும் கொஞ்சம் ஊத்துப்பா” என்ற குரல் அப்போதுதான் வரும். கூடுதலாக ஊற்றினால் நுரைக்கும், சீல் வழியாகக் கசியும். அதற்கும் ஒரு “சரிங்கண்ணே”, போல்ட் முறுக்கப்படும்.

சோதனை ஓட்டத்தில் பண்டிதர் முன்சீட்டில் ஏறிக்கொள்வார். இரண்டாவது கியர் விழுந்ததும், “பாத்தியா, கெட்டி ஆயிலுக்கு வெண்ணெய் மாதிரி விழுது” என்பார். ஊற்றியது 75டபிள்யூ-80. டப்பாவில் மிஞ்சியதைக் கேட்டு வாங்கிப்போய் வீட்டுக் கேட்டின் கீலுக்கு விடுவார். கீலுக்கு எந்த ஜிஎல் என்று அவர் பார்ப்பதில்லை.