‘தண்ணி ஊத்திப்போட்டீங்களா?’

அடீனியம் வளர்க்கிற மாமா வீட்டுக்கு வந்தால் முதலில் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. செருப்பைக் கழற்றியதும் நேரே பால்கனிக்குப் போவார். கிரகப்பிரவேசத்தன்று மொய்க்குப் பதிலாக அவர் கொண்டுவந்து வைத்த தொட்டி அங்கேதான் இருக்கிறது. வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு குனிந்து, மறு கைக் கட்டைவிரலால் செடியின் பருத்த அடியை ஓர் அழுத்து அழுத்துவார். கெட்டியாக இருந்தால் நிமிர்ந்து, "அப்பறம், எல்லாம் சௌக்கியமுங்களா?" கொஞ்சம் அமுங்கிவிட்டால் சௌக்கியம் விசாரிப்பு கிடையாது. "தண்ணி ஊத்திப்போட்டீங்களா?"

மற்ற செடிக்காரர்களும் இதையேதான் கேட்பார்கள். அவர்கள் கேட்பது ஞாபகப்படுத்த. இவர் கேட்பது வாக்குமூலம் வாங்க.

"ஆமாங்க மாமா, நேத்து ஒரே ஒரு டம்ளர்."

"எந்த டம்ளர்? எடுத்துட்டு வாங்க பாக்கலாம்."

டம்ளர் வரும். வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உள்ளே எட்டிப் பார்ப்பார். "இது மோர் டம்ளருங் கண்ணு. காப்பி டம்ளர்ல பாதி ஊத்தோணும்னு சொன்னேன். அதும் நேத்தா? நேத்து நாள் முழுக்க மப்பும் மந்தாரமுமா இருந்துச்சேங்க. வெயிலே இல்லாத அன்னிக்கு அதுக்கு எதுக்குங்க தண்ணி?" சமையலறையில் காப்பி கலந்துகொண்டிருப்பவருக்கே கை நடுங்கும்.

இத்தனைக்கும் இந்த மாமா வாழ்நாளெல்லாம் பார்த்தது தண்ணீர் வேலை. கணபதிப் பக்கம் பட்டறை போட்டு, பம்ப்செட்டுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுத்தவர். ஆயிரம் அடி ஆழத்தில் ஒளிந்திருக்கும் தண்ணீரையும் விடாமல் மேலே ஏற்றுகிற மோட்டாருக்கு அவர் சாமான் போயிருக்கிறது. பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு மொட்டை மாடி ஏறியவர், தண்ணீருக்கு எதிர்க்கட்சி ஆகிவிட்டார். இப்படிப்பட்ட மாமா கோயமுத்தூரில் வீதிக்கு ஒருத்தர் உண்டு. எல்லோருக்கும் கணபதியில் பட்டறை இருந்ததா என்று யாரும் கேட்க வேண்டாம்.

அவர் சொல்வது தப்பென்றால் சண்டை போடலாம். தப்பில்லை என்பதுதான் தொல்லை. சகாராவுக்குத் தெற்கேயும் அரேபியாவிலும் கல்லுக்கும் மணலுக்கும் நடுவே வளர்கிற செடி இது. பெய்யும்போது குடித்து அடித்தண்டில் சேர்த்துவைத்துக்கொண்டு, பெய்யாத மாதங்களை அதை வைத்தே ஓட்டிவிடும். வேர் ஈரத்திலேயே கிடந்தால் உள்ளுக்குள் அழுகும். வெளியே தெரிகிறபோது பெரும்பாலும் கதை முடிந்திருக்கும். பருத்தி விளைவித்து மில்களை வாழவைத்த நம்ம கரிசல் மண், பிடித்த ஈரத்தை லேசில் விடாது. அதனால் அவர் தொட்டியில் மண் என்று பேருக்குத்தான் இருக்கும். ஆற்று மணல், உடைத்துச் சலித்த செங்கல் துண்டு, பொள்ளாச்சி நார்க்கழிவு கொஞ்சம், மக்கிய தொழுவுரம், ஒரு பிடி வேப்பம்புண்ணாக்கு. மேலே ஊற்றினால் அதே வேகத்தில் கீழே வடிய வேண்டும். வடிகிறதா என்று தட்டைத் தூக்கிப் பார்ப்பார். நம் வீட்டில், நம் தட்டை.

இதெல்லாம் வெயில் காலத்து மாமா. ஐப்பசி பிறந்துவிட்டால் வேறு ஆள். மேற்கு மலை மறைப்பதால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும்தான் ஊருக்குள் வரும். அதை எப்படியோ பொறுத்துக்கொள்வார். கோவைக்கு உருப்படியான மழை ஐப்பசி, கார்த்திகையில். அந்த மழைக்காக ஜில்லாவே வானத்தைப் பார்த்துக் கும்பிடும்போது இவர் மட்டும் வானத்தை முறைப்பார். தோட்டத்திலிருந்து மச்சினர் போன் செய்து, "நல்ல மழைங் மாமா, கெணறு தேறிப்போச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னால், "அப்படீங்களா…" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் இழுப்பார். வைத்த கையோடு வரிசையாக நமக்கெல்லாம் போன். அவரிடம் செடி வாங்கியவர்கள் ஒருத்தர் விடாமல் அந்தப் பட்டியலில் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எடுத்தால், "இடி இடிக்குது, கேக்குதுங்களா? செடிய உள்ள எடுத்து வெச்சாச்சுங்களா?" குழந்தைகள் பயப்படுகிறார்களா, கரண்ட் இருக்கிறதா என்பதெல்லாம் அவர் இலாகா இல்லை.

போன கார்த்திகையில் அவர் தங்கச்சி மகள் கல்யாணம். கொங்குக் கல்யாணத்தில் தாய்மாமன் இல்லாமல் சீர் நகராது. நாதஸ்வரம் ஊதி ஊதி ஓய்ந்தது, தாய்மாமனைக் காணோம். மண்டபத்து மொட்டை மாடியில், கிழக்கே திரண்ட கருமேகத்துக்கு எதிரே போனும் கையுமாக நின்றிருந்தார். போனின் இந்தப் பக்கம் நான். சாயந்திரம் வரவேற்புக்குப் போய்க்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டில் இருந்த பாவத்துக்கு, அவர் மாடியில் நனைந்துகொண்டே தார்ப்பாய் இழுத்துக் கட்டினேன். "கெழக்கு வரிசைல ரெண்டாவது தொட்டி தாய்லாந்துச் செடிங் கண்ணு, அதை மட்டும் படிக்கட்டுக்குள்ள தூக்கி வெச்சுருங்க." கொடியில் அத்தையின் துணிகள் தொப்பலாகிக்கொண்டிருந்தன. "மாமா, துணி?" என்றேன். "துணி நனைஞ்சா காயுங் கண்ணு. செடி நனைஞ்சா அழுகிப்போகுமே!"

மற்றப் பழக்கங்கள் சில்லறை. தொட்டி மாற்றும்போதெல்லாம் செடியை ஓர் அங்குலம் உயர்த்தி நட்டு வேரின் முறுக்கை வெளியே காட்டுவார். மாட்டுக் கொம்பு மாதிரி இரட்டையாய் விளையும் காய் வெடித்து விதை பறந்துவிடாமல் நூல் சுற்றி வைப்பார். புதிதாக யார் வந்தாலும் பீட்டர் ஃபோர்ஸ்கால் கதை உண்டு. டென்மார்க் அரசர் அனுப்பிய குழுவோடு ஏமனுக்குப் போய்ச் செடிகளைக் குறித்துவைத்தவர். 1763இல் அங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். 1775இல் அச்சான அவர் குறிப்பில்தான் இந்தச் செடி அரளி இனமாகப் பதிவானது. இந்த இடத்தில் உள்ளேயிருந்து அத்தை குரல் வரும்: "அரளிதானுங்களே? அப்பறம் சாமிக்கு ரெண்டு பூப் பறிச்சா என்னவாம்?" அத்தைக்கு அது என்றைக்கும் குண்டரளி. அரளியின் பங்காளிதான் என்பதை மாமாவும் மறுக்க முடியாது. பாலில் விஷம்கூட உண்டு. ஆப்பிரிக்காவில் அதைக் காய்ச்சி அம்பு நுனியில் தடவினார்கள். "அதனாலதான் பறிக்க வேண்டாங்கறேன் அம்மிணி" என்பார், வாய்ப்பை விடாமல்.

நல்ல மனுசர் இல்லை என்று சொல்ல மாட்டேன். பதியன் போட்டால் அடி பருக்காது என்று ஒவ்வொரு செடியையும் விதையிலிருந்து வருஷக்கணக்கில் வளர்த்து, காசு வாங்காமல் கொடுக்கிறார். எதிர்வீட்டு டீச்சரம்மா செடி அழுகியபோது ஒரு வார்த்தை திட்டவில்லை. கத்தியைக் கொதிநீரில் கழுவி, நல்ல சதை தெரிகிறவரை அழுகலைச் சீவி எடுத்து, பூஞ்சாணக் கொல்லி தூவி, மண்ணே இல்லாமல் நிழலில் கட்டித் தொங்கவிட்டார். காயம் ஆறியபின் நட்டு, துளிர் வந்ததும் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தார். அந்த அம்மா கண் கலங்கிவிட்டது. மாமா அந்தக் கண்ணீர் தொட்டியில் விழாத தூரத்துக்குச் செடியை நகர்த்திவைத்தார்.

ஆனால் அந்த மாடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அடீனியம் பூக்கத் தினமும் ஆறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். வீட்டில் அவ்வளவு வெயில் விழுகிற இடம் மாடியின் தெற்கும் கிழக்கும்; அது முழுக்கத் தொட்டி. வடகம் போட இடமில்லை, மிளகாய் காயவைக்க இடமில்லை. கொடி வடக்கே, தண்ணீர்த் தொட்டி நிழலில். முட்டி வலியோடு இரண்டு மாடி ஏறி அத்தை காலையில் போட்ட சேலை சாயந்திரமும் ஈரமாகவே இருக்கும். மறுநாள் மறுபடி ஏறுவார். செடிக்கு ஒரு சொட்டு ஈரம் ஆகாதென்று ஊரையே எழுப்புகிறவருக்கு இந்த ஈரம் கண்ணில் பட்டதில்லை. இதில் சிரிக்க எனக்கு எதுவும் தெரியவில்லை.

அத்தை இதை ஒருநாள் என் முன்னாலேயே கேட்டார். "பாத்தரம் பண்டமெல்லாம் சீர் குடுத்து அனுப்புன என்ற அய்யன், துணி காயப்போட ஆறடி வெயிலு எழுதி வாங்காம உட்டுட்டாரு பாரு கண்ணு!"

மாமா அதை நிதானமாகக் காதில் வாங்கிக்கொண்டார். "வெயில்ல போட்டா சாயம் வெளுத்துப் போயிரும் அம்மிணி. நெழல்லதான் காயோணும். திருப்பூர்ல போயி யாரை வேணா கேட்டுப் பாரு."