சென்சிட்டிவ் சித்தப்பா

எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். எங்கள் குடும்பத்தில் சித்தப்பா. "நமக்கு சென்சிட்டிவ் ஸ்கின்" என்று சொல்லும்போது அவர் குரலில் வருத்தமே இருக்காது. பூர்வீகச் சொத்தைப் பற்றிப் பேசுகிற மிடுக்குதான் இருக்கும்.

கல்யாண மண்டப வாசலில் பன்னீர்ச் சொம்போடு நிற்கும் பெண்ணைப் பார்த்ததும் குடையை விரித்துவிடுவார். சந்தனக் கிண்ணத்துக்குப் பெரிய கும்பிடு. கற்கண்டை மட்டும் அள்ளிக்கொள்வார். அது நாக்குக்குத்தானே, தோலுக்கு இல்லையே.

புதுச் சட்டை என்றால் இரண்டு முறை அலசாமல் உடம்பில் ஏறாது. சுருக்கம் விழாமலிருக்கத் துணியில் ஏற்றும் ரசாயனம் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் காலர் லேபிளைப் பிளேடால் பிரிக்கிறேன் என்று காலரையே பிரித்துவிட்டு, "உறுத்தல் போச்சு" என்று சந்தோஷப்படுவது இவர் ஒருவர்தான். அந்தக் காலத்தில் துணியில் சலவைக்குறி போட்ட சேராங்கொட்டை மை பட்டு, இரண்டாம் உலகப் போருக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கும் தோல் வெந்துபோனது. அந்தக் கதையைச் சொல்லும்போது சித்தப்பாவும் அதே படையில் இருந்தவரோ என்று தோன்றும்.

அண்ணாச்சி கடையில் இவர் சோப்பு வாங்குவதை வேடிக்கை பார்க்கவே நான் கூடப் போவதுண்டு.

"வாசனை இல்லாத சோப்பு இருக்கா அண்ணாச்சி?"

"வாசனை இல்லேன்னா அது என்ன சார் சோப்பு?"

"தோலோட பிஹெச் அஞ்சு, அஞ்சரை. உங்க சோப்பு பத்துகிட்ட வருதே!"

"பத்துக்குச் சின்ன சோப்புதான் சார் வரும்."

இத்தனை கெடுபிடியும் கடைச் சரக்குக்கு மட்டும். 'இயற்கை' என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், செக்போஸ்ட் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு நாள் எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்த்துக்கொண்டு மொட்டை மாடி வெயிலில் நின்றார். அந்தச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுக்கும், கறுத்தது. அதற்கு மருந்தாக வேலியோரக் குப்பைமேனியைப் பறித்து அரைத்துப் பூச, முகம் பணியாரமாக உப்பியது. தலைக்கு டை அடிக்கும்போதும் எந்தக் கேள்வியும் கிடையாது. அதிலிருக்கும் பிபிடி என்கிற ரசாயனம் சிலருக்கு ஆகாது, முதலில் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். முகூர்த்தம் நாளைக் காலை என்றால் 48 மணி நேரத்துக்கு எங்கே போவது?

அரிப்பு தாங்காவிட்டால் மெடிக்கல்காரர் கொடுக்கும் ஒரு ட்யூப் இருக்கிறது. இரண்டே நாளில் பளிச்! இந்த மாதிரி 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மெடிக்கல்காரருக்கு அது மறந்துவிடும்.

கடைசியில் சித்திதான் தோல் டாக்டரிடம் இழுத்துப் போனார். தற்போது பூசுவதை எல்லாம் ஒரு தாளில் எழுதச் சொன்னார் டாக்டர். சித்தப்பா பின்பக்கத்தையும் நிரப்பிக் கொடுத்தார்.

"எல்லாத்தையும் நிறுத்துங்க. கொதிக்கக் கொதிக்கக் குளிக்காதீங்க, பத்து நிமிஷத்துல வெளிய வந்துடுங்க. ஈரம் காயறதுக்குள்ள இந்த மாய்ஸ்சரைசர். புதுசா எது போட்டாலும் முழங்கை உட்பக்கம் ஒரு வாரம் தடவிப் பார்த்துட்டுத்தான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஒரு களிம்புகூட எழுதித் தராத டாக்டருக்கு ஃபீஸ் எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார். வராந்தாவில் ஒருவர் கையைச் சொறிந்தபடி டோக்கனோடு உட்கார்ந்திருந்தார். சித்தப்பா நின்றார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"குப்பைமேனி போட்டுப் பார்த்தீங்களா? எனக்கு உடனே கேட்டுச்சு."